ஸ்போர்ட்ஸ் டிரிங்க்: தாகத்துக்குச் சரி, அடைத்த பல்லுக்கு?

மதுரையில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஆரஞ்சு கலர் பாட்டில் இப்போது சகஜமாகிவிட்டது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் சென்னையோடு சேர்த்து நம் ரேஸ் கோர்ஸ் மைதானத்திலும் நடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மகனுக்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேண்டும். "பெரிய பிளேயர்ஸ் எல்லாம் அதைத்தான்மா குடிக்கிறாங்க" என்றான். வாங்கிக் கொடுத்தேன், நானும் குடித்துப் பார்த்தேன்.

நான் பல் கிளினிக்கில் டாக்டர் மேடத்துக்கு உதவியாளர். பல் அடைக்கிற சிமெண்டைக் குழைத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தப் பானத்தை எடுத்ததும் என் யோசனை பல்லுக்குத்தான் போனது, அதிலும் அடைத்த பல்லுக்கு. சொத்தைப் பல்லைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காசு கொடுத்து அடைத்த ஃபில்லிங் இந்தப் பானத்தில் என்ன பாடுபடும் என்று யாரும் சொல்வதில்லை.

நான் வாங்கிப் பார்த்தவற்றின் கம்பெனிப் பெயர் எதையும் இங்கே போடவில்லை. கடையில் கிடைக்கிற பாட்டில், கரைத்துக் குடிக்கிற பொடி, தண்ணீரில் போட்டால் நுரைக்கிற மாத்திரை என்று மூன்று வகையையும் வாங்கிப் பார்த்தேன். பல் விஷயத்தில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சாதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குடிக்க நன்றாக இருக்கிறது. சில்லென்று இருந்தால் தொண்டையில் இறங்குவதே தெரியாது. சோடாபோல் ஏப்பம் வராது, வயிறு உப்பாது. சித்திரை வெயிலில் மத்தியானம் மேட்ச் ஆடிவிட்டு வருகிற பையனுக்கு வெறும் தண்ணீரைவிட இது வேகமாக உள்ளே போகிறது. ருசியாக இருப்பதால் கூடுதலாகவும் குடிக்கிறான். அரை லிட்டர் 50, 60 ரூபாய் என்பது தினமும் வாங்கக் கட்டுப்படியாகிற விலை இல்லை, அது வேறு.

இந்தச் சரக்கு பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் அது யாருக்கானது என்பது விளங்கும். 1965-இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற டாக்டரும் அவருடைய ஆட்களும் அங்குள்ள ஃபுட்பால் அணிக்காகத் தயாரித்தது கேட்டரேட். வளர்ந்த ஆட்கள், கனமான கவசம், புழுக்கமான ஊர், மணிக்கணக்கில் ஆட்டம். வியர்வையில் போகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது, கூடவே தெம்புக்குச் சர்க்கரை சேர்ப்பது, இவ்வளவுதான் நோக்கம். ஒரு மணி நேரம் ஓடியாடுகிற பள்ளிப் பிள்ளைக்குத் தண்ணீரே போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2011-இல் அறிக்கை கொடுத்திருக்கிறது.

சரி, பல்லுக்கு எது ஆகாது? எல்லோரும் சர்க்கரை என்பார்கள். இந்த வகைப் பானங்களில் 100 மில்லிக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். அரை லிட்டர் குடித்தால் 30 கிராம். அது கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஃபில்லிங்கை நேராகத் தாக்குவது புளிப்பு. லேபிளில் பொடி எழுத்தில் 330 என்று ஒரு எண் இருக்கும். அதுதான் சிட்ரிக் ஆசிட். அது இல்லாவிட்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை யாரும் ரசித்துக் குடிக்க மாட்டார்கள். பாட்டிலில் இருக்கிற பானத்தில் கிருமி வளராமல் இருக்கவும் அந்தப் புளிப்பு உதவுகிறது. ஆக அதை எடுத்துவிடச் சொல்லவும் முடியாது.

புளிப்பை பி.ஹெச். என்று அளப்பார்கள். 7 என்றால் நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு கூடும். ஸ்போர்ட்ஸ் டிரிங்குகள் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கும், சிலது 3-க்குக் கீழேயும் போகும். பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் 5.5-க்குக் கீழே கரைய ஆரம்பிக்கும். ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேர்ப்பகுதி அதற்கும் முன்பே கரையும். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதால், 3.5 என்பது 5.5-ஐவிட நூறு மடங்கு புளிப்பு. ஆசிட் பட்ட எனாமல் எப்படி இருக்கும் என்பதை நான் வேலை நேரம் முழுக்கப் பார்க்கிறேன். வெள்ளை ஃபில்லிங் வைப்பதற்கு முன் 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லைப் பல்லில் 15 விநாடி தடவி, கழுவி, காற்றடித்து உலர்த்துவோம். பளபளவென்று இருந்த எனாமல் மங்கிச் சுண்ணாம்பு வெள்ளையாக நிற்கும். அது நாங்கள் வேண்டுமென்றே செய்வது, அந்த ஆசிடும் மிகக் கடுமையானது. பானத்தில் இருப்பது அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் மைதானத்தில் பிள்ளைகள் அதை 15 விநாடியோடு நிறுத்துவதில்லையே. ஒரு மடக்கு, ஓட்டம், மறுபடி ஒரு மடக்கு என்று ஒன்றரை மணி நேரம் வாயைப் புளிப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

சாதாரணமாக எச்சில் இதைச் சரிக்கட்டிவிடும். குடித்து அரை மணி நேரத்துக்குள் வாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஓடும்போதோ வாயால்தான் மூச்சு வாங்குகிறோம், உடம்பில் தண்ணீர் வேறு வற்றியிருக்கும், எச்சில் பசையாகிவிடும். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்ற ஆள் இல்லை. ஹாக்கிப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. பல்லுக்கு மவுத்கார்டு போடுகிறார்கள். பானத்தைக் குடித்துவிட்டு உடனே அதை மாட்டினால் உள்ளே தங்கியது அங்கேயே நிற்கும், எச்சில் வந்து கழுவ வழியே இருக்காது. மவுத்கார்டு போடுவதை நிறுத்தக் கூடாது. மாட்டுவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்தால் போதும்.

இனி ஃபில்லிங்குக்கு வருகிறேன். நம் பக்கம் வாயில் இருப்பவை முக்கியமாக மூன்று வகை. வெள்ளி ஃபில்லிங், சிமெண்ட் ஃபில்லிங், முன்னே சொன்ன வெள்ளை ஃபில்லிங், அதாவது லைட் வைத்துக் கெட்டியாக்குகிற காம்போசிட்.

சிமெண்ட் என்று நாங்கள் சொல்வது கிளாஸ் அயனோமர், சுருக்கமாக ஜி.ஐ.சி. இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்ற இரண்டு பேர் சுமார் 50 வருஷத்துக்கு முன் கொண்டுவந்த பொருள். பொடி ஒரு ஸ்கூப், திரவம் ஒரு சொட்டு. பேப்பர் பேடில் வைத்து பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவால் வேகமாகக் குழைக்க வேண்டும். சரியாகக் குழைத்தால் ஒரு மினுமினுப்பு தெரியும். அந்த மினுமினுப்பு போவதற்குள் பல்லில் வைத்தாக வேண்டும், போய்விட்டால் பல்லோடு ஒட்டாது. வைத்தபின் மேலே வார்னிஷோ வாஸ்லினோ தடவுவோம். முதல் ஒரு நாள் அது ஈரத்தைத் தாங்காது. இவ்வளவு பக்குவம் பார்த்து வைக்கிற பொருள் என்பதால் அது கரைந்து வரும்போது எனக்கு மனசு சங்கடப்படும்.

ஜி.ஐ.சி. நல்ல பொருள். பல்லோடு தானாக ஒட்டும், ஃப்ளோரைடு விடும், விலை கம்மி. பால் பல்லுக்கும், அழுத்தித் தேய்த்து ஈறு ஓரத்தில் பள்ளம் விழுந்த பல்லுக்கும் பெரும்பாலும் இதைத்தான் வைப்போம். ஆனால் அதை உள்ளே கட்டிப் பிடித்திருப்பவை கால்சியம், அலுமினியம் அயனிகள். சிட்ரிக் ஆசிட் அந்த அயனிகளையே பிடித்து இழுத்துப் போய்விடும். அதனால் பி.ஹெச். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, எந்த ஆசிட் என்றும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஜி.ஐ.சி. துண்டுகளை ஒரு வருஷம் ஊறவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆரஞ்சு ஜூசிலும் ஆப்பிள் ஜூசிலும் கிடந்தவை முழுக்கக் கரைந்துபோயின. அவற்றைவிடப் புளிப்பான கோலாவில் கிடந்தவை கடினம் குறைந்தாலும் கரையாமல் மிஞ்சின. கோலாவில் இருப்பது பாஸ்பாரிக் ஆசிட். ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் இருப்பது பழ ஜூஸ் பக்கத்து ஆசிட். கோலா மட்டும்தான் கெடுதல், இது விளையாட்டுக்காரர்கள் குடிப்பதாயிற்றே என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நானே ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். குழைத்ததில் மிச்சம் விழுகிற ஜி.ஐ.சி.யை மாத்திரை அளவில் உருட்டி, ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, மூடி போட்ட டப்பாக்களில் போட்டேன். ஒன்றில் ஆரஞ்சு பானம், ஒன்றில் சாதாரணத் தண்ணீர், ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசல். கெட்டுப்போகாமல் இருக்க அடிக்கடி மாற்றி ஊற்றினேன். சில வாரம் கழித்து எடுத்து, ப்ரோப் என்று நாங்கள் சொல்கிற கூர்முனைக் கம்பியால் கீறிப் பார்த்தேன். தண்ணீரிலும் ஓ.ஆர்.எஸ்.ஸிலும் கிடந்ததில் கம்பி வழுக்கியது. ஆரஞ்சில் கிடந்ததன் மேல் வழவழப்பு போய்ச் சொரசொரப்பு வந்திருந்தது. கம்பியை இழுத்தால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது, ஓரம் மழுங்கி அளவும் சிறுத்திருந்தது. டப்பாவில் எச்சில் கிடையாது, நாள் பூராவும் ஊறிக் கிடந்தது, வாயில் இத்தனை வேகமாக நடக்காது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

காம்போசிட் இதைவிட நன்றாகத் தாங்கும். அது பிசினும் கண்ணாடித் துகளும் கலந்தது. பிசின் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உறிஞ்சும். துகளையும் பிசினையும் பிணைக்கிற பூச்சு ஈரத்திலும் புளிப்பிலும் தளர்ந்து, மேலாகத் துகள் உதிரும். ஃபில்லிங் கழன்று விழுந்துவிடாது, பாலிஷ் போய்விடும். சொரசொரப்பு 0.2 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அழுக்குப் படிவது கூடுகிறது என்பார்கள். அதோடு பானத்தின் கலர் வேறு ஏறும். முன்பல்லில் காம்போசிட் வைத்திருக்கிற காலேஜ் பிள்ளைகள் ஓரத்தில் மஞ்சள் கோடு விழுந்திருக்கிறது என்று வந்து நிற்பார்கள். டீ, காபிக்கும் அதில் பங்கு உண்டு, பானத்தின் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது. பாலிஷ் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெள்ளி ஃபில்லிங்கை இந்தப் பானம் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதில் பாதிக்குப் பாதி பாதரசம் என்பதால் இப்போது வைப்பது குறைந்துவிட்டது, ஐரோப்பிய யூனியனில் 2025 ஜனவரியிலிருந்து தடையே வந்துவிட்டது. ஆனால் பழைய ஆட்கள் வாயில் நிறைய இருக்கிறது. அங்கே பிரச்சினை வேறு மாதிரி வரும். ஃபில்லிங் கரையாது, சுற்றியிருக்கிற பல் கரையும். காலையில் ரேஸ் கோர்ஸைச் சுற்றி ஓடுகிற, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் எங்களிடம் வந்தார். கையில் எப்போதும் பாட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டே ஓடுகிற பழக்கம். கடைவாயில் பழைய வெள்ளி ஃபில்லிங். வாயைத் திறந்ததும் வைகையில் மணல் அரித்துப்போனபின் பாலத்துத் தூண் தெரிகிற மாதிரி ஃபில்லிங் மட்டும் மேடாக நின்றது. சுற்றிலும் எனாமல் இறங்கியிருந்தது. ஈறு ஓரத்தில் ஜி.ஐ.சி. வைத்த இடங்களில் நேர்மாறு, சிமெண்ட் குழிந்து ஓரத்தில் இடைவெளி விழுந்திருந்தது. ஒரே வாயில் இரண்டையும் பார்த்தோம். மேடம் கேட்ட முதல் கேள்வி, "ஓடும்போது என்ன குடிக்கிறீங்க?" என்பதுதான். அந்த இடைவெளிகளில்தான் சர்க்கரை போய்த் தங்கி, ஃபில்லிங்குக்கு அடியில் மறுபடி சொத்தை பிடிக்கும்.

நான் அதிகம் கேட்கிற பேச்சு ஒன்று இருக்கிறது. என் மகனோடு ஆடுகிற பையனின் அம்மா சொன்னார், "அக்கா, நான் சுகர் ஃப்ரீதான் வாங்கிக் குடுக்குறேன், பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" நல்ல மனசோடு கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார். சர்க்கரை இல்லாததால் கிருமிக்குத் தீனி இல்லை, அந்த மட்டுக்கு லாபம். ஆனால் 330 அப்படியேதான் இருக்கிறது. எனாமலுக்கும் சிமெண்டுக்கும் நேராகப் படுகிற புளிப்பில் மாற்றம் இல்லை. நுரைக்கிற மாத்திரையும் இதே கதைதான். அந்த நுரையே சிட்ரிக் ஆசிடும் சோடா உப்பும் சேர்ந்து வருவது. சர்க்கரை கம்மி, பாட்டிலைவிட மலிவு, பையில் எடுத்துப் போக வசதி. இருந்தாலும் தினமும் உறிஞ்சிக் குடிக்கிற சரக்கு இல்லை.

அப்படியானால் எதைக் கொடுப்பது? வெயிலில் ஆடுகிற பிள்ளைக்கு உப்பும் வேண்டும்தானே. என் முதல் கை நீர்மோருக்குத்தான். சித்திரைத் திருவிழாவில் ஊரெல்லாம் பந்தல் போட்டுக் கொடுக்கிற அதே நீர்மோர், உப்புப் போட்டது. மோரும் புளிப்புத்தானே என்று கேட்பீர்கள். புளிப்புத்தான், எனாமலின் 5.5-ஐவிடக் கீழேதான். ஆனால் பாலிலிருந்து வந்த கால்சியமும் பாஸ்பேட்டும் அதிலேயே கரைந்திருப்பதால் பல்லிலிருந்து உருவி எடுக்கிற வேலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ரொம்பத் தண்ணியாக அடிக்காமல் கொஞ்சம் கெட்டியாகவே கொடுங்கள். எலுமிச்சை மட்டும் பிழிய வேண்டாம்.

எலுமிச்சை ஜூசைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வீட்டில் போடுவதால் பல்லுக்கு நல்லது என்று ஆகிவிடாது. எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2-க்குப் பக்கம், உள்ளே அதே சிட்ரிக் ஆசிட். தண்ணீர் கலந்தாலும் புளிப்பு விடாது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் குடிப்பதில் குற்றமில்லை. பாட்டிலில் அடைத்து மைதானத்துக்குக் கொடுத்தனுப்பினால் கடைப் பானத்துக்கும் அதற்கும் பல்லைப் பொறுத்தவரை பெரிய பேதம் கிடையாது. இளநீர் எவ்வளவோ மேல். புளிப்பு கம்மி, பொட்டாசியம் நிறைய. சோடியம் குறைவு என்பதால் வேர்த்துக் கொட்டிய நாளில் கூட ஏதாவது உப்புப் பண்டம் சாப்பிட வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி மருந்துக்கடையில் கிடைப்பது, பல்லுக்கு நல்ல பிள்ளை. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதில் சேர்க்கிற சிட்ரேட் புளிப்பே இல்லாத உப்பு வகை. ருசி சுமார்தான், என் மகன் முகத்தைச் சுளிப்பான். அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, உப்பு ஜாஸ்தி. டோர்னமென்ட் நாளில், ரொம்ப வேர்த்தால் கொடுப்பேன், தினசரிப் பழக்கமாக்க மாட்டேன். சின்ன அட்டை டப்பாவில் பழ ருசியோடு ஓ.ஆர்.எஸ். மாதிரிப் பெயர் வைத்து விற்றவை வேறு சமாச்சாரம், அவற்றில் சர்க்கரை பல மடங்கு. அந்த அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தே வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவு போட்டது. வீட்டில் பழைய ஸ்டாக் இருந்தால் லேபிளைப் பாருங்கள்.

பெரிய மேட்சுக்கு ஆரஞ்சு பாட்டில்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் நானும் வாங்கித் தருகிறேன். இடைவேளையில் ஒரே மூச்சில் குடித்துவிடச் சொல்வேன், உறிஞ்சிக்கொண்டே இருக்கக் கூடாது. வாயில் வைத்துக் குலுக்கக் கூடாது. சில்லென்று இருந்தால் புளிப்பு பல்லில் வேலை செய்வதும் கொஞ்சம் மெதுவாகும். குடித்த கையோடு தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் பல் தேய்க்க ஓடக் கூடாது, இளகியிருக்கிற எனாமலை பிரஷ்ஷே தேய்த்து எடுத்துவிடும். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் போகட்டும். இது பல விளையாட்டு மாஸ்டர்களுக்கே புதுச் செய்தியாக இருக்கிறது.

பல் அடைக்கப் போகும்போது டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியதும் இதுதான்: பிள்ளை என்ன விளையாடுகிறான், மைதானத்தில் என்ன குடிக்கிறான். எங்கள் படிவத்தில் சுகர், பிரஷர், அலர்ஜி எல்லாம் கேட்போம், இதைக் கேட்கிற கட்டம் கிடையாது. நீங்களாகச் சொன்னால், சாதாரண ஜி.ஐ.சி. வைக்கிற இடத்தில் பிசின் கலந்த ஜி.ஐ.சி.யோ காம்போசிட்டோ வைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார். ஜி.ஐ.சி.தான் வைக்க வேண்டிய பல் என்றால் மேலே ஒரு பூச்சுக் கொடுப்பார், ஆறு மாதத்தில் ஓரம் பார்க்க வரச் சொல்வார். வைத்த அன்றும் மறுநாளும் மட்டுமாவது அந்த பாட்டில் பையில் இருக்க வேண்டாம். சிமெண்ட் அப்போதுதான் இறுகிக்கொண்டிருக்கும்.